எப்போதும்வென்றான் தாண்டியும்

வருது. இதோ வந்துட்டு. பிரம்மசக்தி கண்ணை மூடிக்கொண்டு கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிவிட்டாள். பிரசவ வலி தொடங்கியதும் மனசுக்குள் பஸ் ஏற வேண்டும், அதுதான் அவள் தனக்குத் தானே செய்துகொண்ட ஏற்பாடு. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தது வேறே. மூச்சுப் பயிற்சிக்கு என்று கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு சின்னப் பெண் மெழுகுவர்த்தியை ஏற்றி முகத்துக்கு நேரே நீட்டினாள். சுடர் சாயணும், அணையக் கூடாது, அப்படி ஊதுங்க மேடம். வலியைக் கடல் அலையா நெனச்சுக்கோங்க, வரும், ஏறும், தானா இறங்கிப் போயிடும். அலையாம் அலை! கரிசல் காட்டில் பிறந்து தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வளர்ந்தவள் அலையை எங்கே போய் நினைப்பாள்? பஸ் என்றால் சரி. அப்பா திருச்செந்தூர் பஸ்ஸில் கண்டக்டர், லீவு விட்டால் அவளையும் ஏற்றி முன்சீட்டில் உட்காரவைத்துவிடுவார், ஸ்டாப் பெயரெல்லாம் வாய்ப்பாடு போல மனசில் ஏறிப்போயிற்று. இடுப்பின் அடியில் திருக ஆரம்பிக்கும்போது பஸ் கிளம்பும். எட்டயபுரத்தில் மூச்சு முட்டும். கீழஈராலில் உச்சி, அங்கேதான் உயிர் போகும், பெரிய ரப்பர் பந்தின் மேல் உட்கார்ந்தவாக்கில் இடுப்பை ஆட்டிக்கொண்டு, வாயைக் குவித்து, இல்லாத சுடரை அணைக்காமல் ஊதிக்கொண்டே கிடக்க வேண்டும். எப்போதும்வென்றான் வந்துவிட்டால் கவலையில்லை, அதற்குப் பிறகு இறக்கம்தான். குறுக்குச்சாலையில் வலி இறங்கிப் போய்விடும். காலையிலிருந்து ஒரு வலியும் தூத்துக்குடி போய்ச் சேர்ந்ததில்லை. வயிறு இளகும், உடம்பெல்லாம் வேர்வை ஆறும், பின்னால் நின்று நடு இடுப்பை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருக்கிற கை மெல்லத் தளரும். அந்தக் கை சந்தனமாரியுடையது. புருஷனின் அக்கா. மதினி என்று கூப்பிடுகிற நாத்தனார்.

அந்தக் கை இல்லாவிட்டால் இன்றைக்கு அவள் செத்திருப்பாள், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இட்லிக் கடை போட்டு ஆட்டியும் அள்ளியும் உரம் ஏறிய கை, எங்கே வலிக்கிறதோ அங்கே சொல்லாமலே போய் உட்கார்ந்துகொண்டது. சுடுதண்ணீர் பையை இடுப்புக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கொஞ்ச நேரம் இதமாக இருந்தது. வராந்தாவில் நடக்கவிட்டார்கள். குழாய் மாட்டிய முகமூடியில் ஒரு வாயுவை இழுக்கச் சொன்னார்கள், தலை சுற்றிக் காலையில் குடித்த கஞ்சி முழுக்க வெளியே வந்தது, போதும் சாமி என்று தள்ளிவிட்டாள். இடுப்பில் ஒரு ஊசி போடலாம், வலி மந்தமாகும், ஆனால் பிள்ளையும் கொஞ்சம் தூங்கி வழியும் என்றார் ஜெபக்கனி சிஸ்டர். பிள்ளை தூங்குமா? வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து சிஸ்டர் பயந்துவிட்டார். கடைசியில் பலித்தது மதினியின் கை ஒன்றுதான். உடம்புக்கு மானம் ரோசம் கிடையாது. யார் கை என்று அது பார்ப்பதில்லை. உடம்பு அந்தக் கையில் சாய்ந்துகொண்டு இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சியது, மனசு மட்டும் தள்ளி நின்றுகொண்டு, இவ கையா, இவ கையா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. முதுகு ஊசி போட்டிருந்தால் இந்தக் கை தேவைப்பட்டிருக்காது. அந்த ஊசிக்காகத்தானே இந்த ஆஸ்பத்திரிக்கே வந்தது. இந்தத் தடவ உனக்கு வலியே தெரியாது சக்தி, நான் விசாரிச்சிட்டேன் என்று புருஷன் செந்தூர்பாண்டி மாசக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, அவளும் அதை நம்பி, வயிற்றைத் தடவிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மயக்க டாக்டர் கையை விரித்துவிட்டார். ரத்தத்தை உறையவைக்கிற அணுக்கள் குறைச்சலாம். முதுகெலும்புக்குள் ஊசி போனால் உள்ளே ரத்தம் கசிந்து நரம்பை அமுக்கிவிடுமாம், கால் விளங்காமல் போனாலும் போகுமாம். வேற வழி இருக்கும்மா, எத்தனையோ பேர் வேற வழியிலதான் பெத்துக்கிறாங்க என்றார். நல்ல மனுஷன்தான். செந்தூர்பாண்டி முகத்தைப் பார்க்க முடியவில்லை. பரவாயில்ல போங்க, நான் பாத்துக்கிடுதேன் என்று அவள்தான் அவனுக்குத் தைரியம் சொல்லி வெளியே அனுப்பினாள். உள்ளே ஒரு பொம்பளைத் துணைக்குத்தான் இடம். அம்மா உயிரோடு இல்லை. மதினி வந்தாள்.

வருது. பஸ். எட்டயபுரம். வாயைத் திறக்காதே. ஊது. வாயைத் திறக்காமல் எப்படி ஊதுவது? சத்தம் வராமல் ஊது. கத்தினால் போச்சு. போன தடவை கத்தினாள், போச்சு. அவ்வளவுதான், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, ஆனால் மனசு சும்மா இருக்கிறதா, சவம், அங்கேயே போய்ப் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. போன தடவை வேறே ஆஸ்பத்திரி. நீளமான கூடம், வரிசையாகக் கட்டில், அவள் கட்டிலுக்கு மேலே விசிறி சுற்றாமல் நின்றது. கத்தினாள். என்ன கத்தினாள் என்று ஞாபகம் இல்லை, கத்தினது மட்டும் ஞாபகம். ஆயா வந்து தொடையில் பளாரென்று ஒரு அடி வைத்தாள். புருஷங்கூடப் படுக்கும்போது கத்தினியாட்டி, இப்ப என்ன கத்து வேண்டிக் கெடக்கு? பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி வலியோடு வலியாகச் சிரித்தாள். அவமானத்தில் வாய் அடைத்து, மறுபடி கத்தி, மறுபடி அடி வாங்கி, கத்தக் கத்த ஒருவரும் திரும்பிப் பார்க்காமல், கடைசியில் எல்லாரும் ஒரேயடியாக ஓடி வந்தபோது பிள்ளை வந்துவிட்டது. பெண். நீலம். கீழஈரால், ஊது, ஊது. அந்தப் பிள்ளைக்குப் பெயர் கிடையாது. துக்கம் கேட்க வந்தவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அவள் உள்ளறையில் பால் கட்டிய மார்போடு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சந்தனமாரி சொன்னது கதவு வழியாக வந்தது. எங்க வீட்டுல பெத்தவ சத்தம் வாசல் தாண்டினதில்லம்மா. நான் மூணு பெத்தேன், சேலைத் தலைப்பை வாயில அமுக்கிக்கிட்டுக் கெடந்தேன், அடுத்த வீட்டுக்குத் தெரியாது. இவ கத்திக் கத்தியே மூச்சை எல்லாம் வெளியில விட்டுட்டா, பெறகு பிள்ளைக்கு மூச்சு எங்கயிருந்து போவும்? அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அரிசி ஊறப்போட மறந்துவிட்டதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு உள்ளே வந்து அவளுக்கு மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டிவிட்டாள், பால் வற்றுவதற்கு.

எப்போதும்வென்றான். அப்பாடா. சாய்ந்துகொள்ளலாம். மதினி சொன்ன அந்த வார்த்தையை அவள் நம்பவில்லை. நம்புவாளா, பத்தாங்கிளாஸ் படித்தவள்? சீ, படிக்காத பேச்சு என்று தள்ளித்தான் வைத்திருந்தாள். ஆனால் மூச்சு வகுப்பில் அந்தச் சின்னப் பெண் மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு, கத்தினா மூச்சு வேஸ்ட் ஆகும் மேடம், நீங்க இழுக்கிற மூச்சுதான் பிள்ளைக்குப் போகுது என்று சிரித்துக்கொண்டே சொன்னபோது பிரம்மசக்தி ஊதுவதை நிறுத்திவிட்டாள். அப்ப மதினி சொன்னது சரிதான். படித்தவர்களே சொல்கிறார்கள். அப்ப நான்தான். நான்தான் கொன்னேன். வகுப்பு முடிந்து வெளியே வந்து செந்தூர்பாண்டி வாங்கிக்கொடுத்த இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், இந்தத் தடவை ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் ஒரு சத்தம் வராது. கழுத்தை அறுத்தாலும் வராது. குறுக்குச்சாலை. இறங்கிவிட்டதா? இறங்கின மாதிரிதான் இருக்கிறது. எட்டிப் பார்த்த ஜெபக்கனி சிஸ்டர், சூப்பர் சக்தி, முகத்துல வலியே தெரியலயே, உன்னய வீடியோ எடுத்து மத்தவங்களுக்குக் காட்டணும், இப்படியே இரு என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பக்கத்து அறையில் ஒருத்தி அய்யோ அம்மா என்று சுவர் அதிரக் கத்திக்கொண்டிருந்தாள், சிஸ்டர் அங்கே ஓடினார். பிள்ளையின் துடிப்பைக் கேட்க வயிற்றில் கட்டியிருந்த மிஷின் பட்டையை, பந்தில் உட்கார வசதியாக, அப்போதே கழற்றி வைத்தாயிற்று. பாத்தியா, பிள்ளைன்னா இப்படிப் பெறணும் என்றாள் சந்தனமாரி பின்னாலிருந்து, பெருமையாக. எங்க வீட்டுப் பிள்ளையாயிட்டா. எவ்வளவு கேவலம் பாருங்கள், அந்த வார்த்தைக்கு பிரம்மசக்தியின் மனசு குளிர்ந்துபோயிற்று.

இறங்கவில்லை. இறங்கின மாதிரி இருந்ததே தவிர வலி இறங்கவில்லை, குறுக்குச்சாலையில் பஸ் நின்றது, ஆள் இறங்கவில்லை. அடியில் ஒரு துண்டு வலி சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதன் மேலேயே அடுத்தது ஏறுகிறது. சரி, பிள்ளை நெருங்குகிறது போல, நெருங்க நெருங்க இடைவெளி குறையும் என்று சொல்லியிருந்தார்கள். ஊது. சுடர் சாயட்டும். எட்டயபுரம், கீழஈரால், எப்போதும்வென்றான். எப்போதும்வென்றான் போயாச்சு. எங்கே இறக்கம்? வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். பலகை. இளகவே இல்லை. மதினியும் முன்பக்கம் கை கொண்டுவந்து தொட்டுப் பார்த்தாள், என்னட்டி இது கல்லு மாதிரி இருக்கு என்றவள், உடனே, நல்லதுதான், இறுக்கிக் குடுக்கு, பொறுத்துக்கிடு என்றாள். பொறுத்துக்கொள்கிறேன். குறுக்குச்சாலை. தூத்துக்குடி. இவ்வளவு தூரம் எந்த வலியும் வந்ததில்லையே. தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில் அப்பா டீ வாங்கித் தருவார், அதைக் குடி, குடித்துக்கொண்டே ஊது. முள்ளக்காடு. உப்பளம் வெள்ளையாகக் கண்ணைக் கூசுகிறது, கண்ணை மூடியிருந்தும் கூசுகிறது. பழையகாயல். பிள்ளை அசைந்து எவ்வளவு நேரமாயிற்று? மத்தியானச் சாப்பாட்டுத் தட்டு வந்தபோது உதைத்தான், இல்லை, அது அதற்கு முன்னால். உதை ராசா, ஒரு உதை. முக்காணி. தாமிரபரணிப் பாலம். உதை. மதினியின் கை தேய்க்கிறது, எங்கே தேய்த்தாலும் இப்போது இதமில்லை, கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. ஆத்தூர். ஆறுமுகநேரி. இதற்கு மேல் திருச்செந்தூர்தான், அதற்கு மேல் பஸ் போகாது, அதற்கு மேல் கடல். பஸ் போய் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். வலி இறங்கவில்லை.

ஊர் தீர்ந்துபோன அந்த இடத்தில் அவளுக்கு அந்த வலியை அடையாளம் தெரிந்தது. இதை முன்னாலேயே பார்த்திருக்கிறாள். இது வந்துபோகிற வலி இல்லை, இது அது. சுற்றாத விசிறிக்குக் கீழே வந்தது. அன்றைக்கும் இப்படித்தான் விடாமல், இளகாமல், பலகையாக. என்ன கத்தினோம் என்று இத்தனை நாள் ஞாபகம் வராமல் இருந்தது இப்போது வார்த்தை வார்த்தையாக வந்து நின்றது. விட மாட்டேங்கு, வலி விட மாட்டேங்கு, யாராவது வந்து பாருங்க. அம்மா என்று கத்தவில்லை. சாமி என்று கத்தவில்லை. சேதி சொல்லியிருக்கிறாள்! தொடையில் அடி வாங்கி வாங்கி அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். பாவி மகளே, இப்ப ஏன் உக்காந்து ஊதிக்கிட்டு இருக்க? ஆனால் வாய் திறக்கவில்லை. பயம். கத்தினால் மூச்சு போய்விடும், மூச்சு போனால் பிள்ளை போய்விடும், கத்தாவிட்டால், கத்தாவிட்டாலும் போய்விடுமே, எது சரி, யாரிடம் கேட்பது, சிஸ்டர் பக்கத்து அறையில் இருக்கிறார், கத்துகிறவளிடம்தான் எல்லாரும் இருக்கிறார்கள். ஒருவேளை இது சாதாரண வலியாகவே இருந்து, கத்தி, எல்லாரும் ஓடிவந்து, ஒன்றுமில்லை என்று சொல்லி, பிள்ளைக்கு மட்டும் மூச்சு குறைந்து. ஊது. ஊத முடியவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க, சத்தம் குடுத்தாத்தான நிப்பாட்ட முடியும் என்று ஸ்டாப்பைத் தவறவிட்டவர்களை அப்பா காய்ச்சி எடுப்பார், மோசமான வாய் அவருக்கு. மதினி, விடல என்றாள். குரல் வெளியே வரவில்லை, காற்றுதான் வந்தது. என்னட்டி? மதினி, வலி விடல. இந்தா ஆச்சு, இப்ப வந்துரும், நீ தைரியமான பிள்ளைல்லா. விடல மதினி, விடல! விடல! அது கிளம்பியதும் அவளுக்கே தெரியாத சத்தமாக அறை முழுக்க ஏறியது, அந்த நொடியிலேயே பின்னாலிருந்து மதினியின் உள்ளங்கை வந்து அவள் வாயைப் பொத்தியது. கெட்ட எண்ணத்தில் இல்லை. பழக்கம். தன் வாயையே பொத்திப் பொத்திப் பழகிய கை. பிரம்மசக்தி கடித்தாள். பல் பதிய, உப்பு கரிக்க, வெறிபிடித்தவள் மாதிரி கடித்தாள். கை விலகியது. சிஸ்டர்! வலி விடல சிஸ்டர்! வந்து பாருங்க! வயிறு கல்லா இருக்கு, பிள்ள அசையல, விடல, விடவே இல்ல!

ஓடி வந்தார்கள். ஜெபக்கனி சிஸ்டர் வயிற்றில் கை வைத்தார், முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போயிற்றோ. கட்டிலில் சாய்த்து மிஷினை வைத்து அழுத்தினார். கரகரவென்று ஒன்றுமில்லாத சத்தம். இடம் மாற்றி அழுத்தினார். ஒன்றுமில்லை. கொஞ்சம் தள்ளி. பிறகு கேட்டது. டொக். எங்கோ ஆழத்தில், நடக்க மாட்டாமல் நடக்கிற ஆள் மாதிரி, டொக். டாக்டரம்மாவைக் கூப்பிடு என்று சிஸ்டர் வாசல் பக்கம் கத்தினார். எப்பலேர்ந்து சக்தி, எப்பலேர்ந்து விடாம இருக்கு? அவள் எப்படிச் சொல்வாள்? குறுக்குச்சாலையில் வலி முதலில் இறங்காதபோதே சொல்லியிருக்கலாம். சூப்பர் என்று கட்டைவிரலைத் தூக்கினீர்களே சிஸ்டர், அதற்கு முன்னாலிருந்து. டாக்டரம்மா வந்து தொட்டதுமே, பிள்ளைக்கு முன்னாடி நச்சுக்கொடி பிரியுது, தியேட்டருக்குத் தள்ளுங்க, முதுகுல போட முடியாது, முழு மயக்கம்தான் என்றார். கட்டில் உருண்டது. அவள் நிறுத்தவில்லை. வராந்தா முழுக்க, செந்தூர்பாண்டி எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு பேயறைந்த மாதிரி பார்த்தது வரைக்கும், தியேட்டர் கதவு வரைக்கும் கத்தினாள். ஒருவரும் அடிக்கவில்லை. ஒருவரும் வாயை மூடு என்று சொல்லவில்லை. இனி அவர்களுக்குச் சேதி தெரியும், கத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை, அது அவளுக்கும் தெரியும். நின்றுவிட்டால் அந்த டொக் நின்றுவிடும் என்று தோன்றியது. மயக்க டாக்டர் முகத்துக்கு மேல் முகமூடியைக் கொண்டுவந்து, ஆழமா மூச்சு இழும்மா என்றார். மூச்சு, மறுபடியும் மூச்சு. இழுத்தாள்.

தொண்டை எரிந்தது. அதுதான் முதலில். நாக்கு ஒட்டிக்கொண்டது, வயிற்றைச் சுற்றிக் கட்டு, ஜன்னலில் சாயங்கால வெயில். வலி இருந்தது, ஆனால் அது வேறே வலி, வெட்டின வலி, யாருடையதோ மாதிரி. குரலைக் கூட்டிப் பார்த்தாள், வரவில்லை, குழாய் விட்டதில் தொண்டை புண்ணாகிக் கிடந்தது. பக்கத்து ஸ்டூலில் சந்தனமாரி உட்கார்ந்திருந்தாள், வலது கையில் துணி சுற்றி. பேசாத, பேசாத என்றாள். பொம்பளப் பிள்ளதான். கீழ மெஷின்ல வச்சிருக்காவ, மூச்சுக்குக் கொஞ்சம் கஷ்டப்படுது, ரெண்டு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்னு சொல்லுதாவ. ஆனா உசுரு இருக்கு சக்தி. நான் பாத்தேன். கையை இப்படி மூடிக்கிட்டு. தம்பி அங்கதான் நிக்கான், கண்ணாடியை விட்டு நகர மாட்டேங்கான். சந்தனமாரி மூக்கைச் சிந்தினாள், பேச்சு பேச்சாக நிற்கவில்லை அவளுக்கு. இன்னும் செத்த நேரம் போயிருந்தா அவ்வளவுதானாம். டாக்டரம்மா என்கிட்டயே சொன்னாவ. உங்க தம்பி பொண்டாட்டி கத்தினாளே, அதான் அந்தப் பிள்ளைய வெளிய கொண்டாந்துச்சு, அது மட்டும் கத்தாம இருந்திருந்தான்னு சொன்னாவ. நீ கத்தினதுதான் புண்ணியம் தாயி. துணி சுற்றிய கை வந்து அவள் நெற்றி முடியை ஒதுக்கியது. நல்ல கை, இப்போதும் இதமாகத்தான் இருந்தது. பிரம்மசக்தி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை, எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி முயன்றாள். சந்தனமாரி காதைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"அன்னைக்கும் கத்தினேனே மதினி."